சும்மாடு கட்டிய படை

போன தவணை தரம் 11 பிள்ளைகளைக் கண்டிக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிச் சென்றிருந்தோம். பேராதனைப் பூங்காவைப் பார்த்துவிட்டு, பின்னேரம் கண்டி யுத்த மயானத்துக்கும் போனோம். நல்ல பராமரிப்பு, வெட்டிவிட்ட புல், வரிசையாகக் கற்கள். ஒவ்வொரு கல்லாகப் பெயர் வாசித்துக்கொண்டு வந்த ஒரு பிள்ளை ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"சேர், இதுல ஆபிரிக்கன் ரைபிள்ஸ் எண்டு போட்டிருக்கே. ஆபிரிக்கா ஆக்கள் எப்படி எங்கட கண்டியில மௌத்தானாங்க?"

அந்த நேரம் எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னோம். இரண்டாம் உலக யுத்தத்தில் கிழக்கு ஆபிரிக்காவின் 11ஆவது டிவிசன் 1943இல் இலங்கைக்கு வந்து, இங்குள்ள காடுகளில் பயிற்சி எடுத்து, பிறகு பர்மாவுக்குப் போனது. பிள்ளை விடவில்லை. பஸ்ஸில் ஏறியதும் அடுத்த கேள்வி: "அப்ப மேற்கு ஆபிரிக்கா ஆக்கள் வரல்லையா?"

உண்மையைச் சொன்னால், அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. எங்கள் வகுப்பறையில் இரண்டாம் உலக யுத்தம் என்றால் ஹிட்லர், பேர்ள் ஹாபர், ஹிரோஷிமா. அதோடு மணி அடித்துவிடும். வீட்டுக்கு வந்து தேடி வாசித்தோம். வாசித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு இப்போது இங்கேயும் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

அவர்களும் வந்தார்கள். ஒரு டிவிசன் அல்ல, இரண்டு டிவிசன்கள். 81ஆவது மேற்கு ஆபிரிக்க டிவிசன், 82ஆவது மேற்கு ஆபிரிக்க டிவிசன். அவர்கள் வந்திறங்கியது இந்தியாவில், போரிட்டது பர்மாவில். ஆனால் அந்தப் போர்முனைக்கான தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் 1944 ஏப்ரலில் டெல்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் அலுவலகம் இயங்கியது அன்று காலை நாங்கள் படம் எடுத்துத் திரிந்த அதே பேராதனைப் பூங்காவில்தான்.

யார் இவர்கள்?

அன்று மேற்கு ஆபிரிக்காவில் பிரித்தானியாவுக்கு நான்கு காலனிகள் இருந்தன: நைஜீரியா, கோல்ட் கோஸ்ட் என்ற இன்றைய கானா, சியாரா லியோன், காம்பியா. இந்த நான்குக்கும் பொதுவாக ஓர் எல்லைப்படை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்து நிலங்களைப் பிடித்துக்கொண்டு வந்த நேரத்தில் உருவாக்கப்பட்ட படை அது. நைஜீரியாவில் அதைக் கட்டியவர் லுகார்ட். 1928இல் அதற்கு 'றோயல்' பட்டம் கிடைத்தது.

ஆரம்பத்தில் அந்தப் படையின் வேலை என்ன? சொந்த மக்களை அடக்குவதும் எல்லையைக் காப்பதும். இதை மறைத்துவிட்டு வீரத்தை மட்டும் பேசினால் அது வரலாறு ஆகாது. வடக்கு நைஜீரியாவின் முஸ்லிம் அமீர்களின் ஆட்சியை 1903இல் வீழ்த்தியதும் இதே படைதான். அதே வடக்கின் ஹவுஸா முஸ்லிம்கள் அதே படையில் பெருமளவில் சேர்ந்தார்கள். ஹவுஸா மொழி படைமுகாமின் பொதுமொழியாகவும் ஆனது. வறுமை, சம்பளம், ஊர்த் தலைவர்களின் நெருக்குதல், வெளியுலகம் பார்க்கும் ஆசை என்று சேர்ந்தவர்களுக்குப் பல காரணங்கள் இருந்தன.

1941இல் நைஜீரிய, கோல்ட் கோஸ்ட் பிரிகேட்டுகள் கிழக்கு ஆபிரிக்காவில் இத்தாலியருக்கு எதிராகப் போரிட்டன. மொகதிஷு நகருக்குள் நுழைந்தவர்கள் நைஜீரியர்கள். அடுத்த வருடமே ஜப்பான் சிங்கப்பூரையும் பர்மாவையும் பிடித்துக்கொண்டது. காட்டிலும் மலையிலும் நடந்து போரிடக்கூடிய ஆட்கள் வேண்டும் என்று பிரித்தானியா தேடியபோது அதன் பார்வை மேற்கு ஆபிரிக்காவின் மீது விழுந்தது.

படை எப்படி அமைந்தது?

81ஆவது டிவிசன் 1943 மார்ச்சில் நைஜீரியாவில் உருவானது. தளபதி மேஜர் ஜெனரல் வுல்னர். அதற்குள் மூன்று பிரிகேட்டுகள். 3ஆவது பிரிகேட் முழுவதும் நைஜீரியர். 5ஆவது பிரிகேட் முழுவதும் கோல்ட் கோஸ்ட்காரர். 6ஆவது பிரிகேட் கலவை: சியாரா லியோனிலிருந்து ஒரு பட்டாலியன், காம்பியாவிலிருந்து ஒன்று, நைஜீரியாவிலிருந்து ஒன்று. 82ஆவது டிவிசன் அதே வருடம் ஓகஸ்டில் உருவானது. அதில் 1ஆவது, 4ஆவது பிரிகேட்டுகள் நைஜீரியருடையவை, 2ஆவது பிரிகேட் கோல்ட் கோஸ்ட்டுடையது. கணக்குப் பார்த்தால் இரண்டு டிவிசன்களிலும் சேர்த்து 18 காலாட்படைப் பட்டாலியன்கள். அதில் சரிபாதிக்கு மேல் நைஜீரியர்.

மற்ற டிவிசன்களைப் போலன்றி, இங்கே ஒவ்வொரு பிரிகேட்டும் தனியாக இயங்கக்கூடிய மாதிரி அமைக்கப்பட்டிருந்தது. அதற்கென்று இலகு பீரங்கிகள், பொறியியல் கம்பனி, வைத்தியப் பிரிவு எல்லாம் கூடவே போகும். காட்டுக்குள் ஒரு பிரிகேட்டிலிருந்து மற்றதற்கு உதவி போய்ச் சேர நாட்கள் எடுக்கும் என்பதுதான் காரணம்.

ஆனால் இந்தப் படையின் உண்மையான முதுகெலும்பு துப்பாக்கியல்ல, சும்மாடு.

எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இந்தச் சொல்லே தெரியவில்லை. பாரம் தூக்குகிறவர்கள் துணியைச் சுற்றித் தலையில் வைப்பார்களே, அதுதான். உம்மும்மாமார் விறகுக் கட்டுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் வைத்ததுதான். மேற்கு ஆபிரிக்காவின் காட்டுப் பகுதிகளில் செற்சி என்ற ஈ குதிரையையும் மாட்டையும் நோய் கொடுத்துக் கொன்றுவிடும். அதனால் அங்கே பொதி சுமப்பது தலைமுறை தலைமுறையாக மனிதத் தலைதான். பர்மாவில் இந்தியப் படைகள் கோவேறு கழுதைகளில் ஏற்றிய பொதியை இந்த டிவிசன்களில் மனிதர்கள் தலையில் ஏற்றினார்கள். பீரங்கியைக் கழற்றித் துண்டு துண்டாகத் தூக்கினார்கள். குண்டு, அரிசி, வயர்லெஸ் பெட்டி, காயப்பட்டவர்கள், எல்லாமே தலையிலும் தோளிலும். ஓராள் சுமை ஏறத்தாழ 40 இறாத்தல். வழுக்கும் மலைப்பாதையில், மழையில், நாள் முழுக்க.

இதற்காகவே 'துணைக் குழுக்கள்' என்ற பெயரில் சுமப்பவர்களின் தனிப் பிரிவுகள் இருந்தன. அவர்களும் சீருடை போட்ட சிப்பாய்கள்தான். ஆனால் பெரும்பாலானோர் கையில் துப்பாக்கி இல்லை. எதிரி சுட்டால் படுத்துக்கொள்ள வேண்டும், எழும்பினால் மீண்டும் சுமக்க வேண்டும்.

இரண்டு டிவிசன்களின் இலச்சினைகளைப் பாருங்கள். 81ஆவது டிவிசனின் சின்னம் மஞ்சள் வட்டத்தில் ஒரு கறுப்புச் சிலந்தி. கானாவின் அகான் மக்களின் கதைகளில் வரும் அனன்சி அது. பலசாலிகளைத் தந்திரத்தால் வெல்லும் சிறிய உயிர். சட்டைக் கையில் அதைத் தலைகீழாகத் தைத்திருந்தார்கள். சிப்பாய் துப்பாக்கியை நீட்டிக் குறி பார்க்கும்போது சிலந்தி முன்னோக்கிப் போவது போலத் தெரியும். 82ஆவது டிவிசனின் சின்னம் ஒரு சும்மாட்டுக்குள் குறுக்காகச் செருகிய இரண்டு ஈட்டிகள். 'சுமப்பவர்களால்தான் நாம் போரிடுகிறோம்' என்பது அதன் பொருள்.

ஒரு படை தன் நெஞ்சறிந்த உண்மையைச் சின்னத்திலேயே எழுதி வைத்தது. ஆனால் சம்பளப் பட்டியலில் அதை எழுதவில்லை. அதிகாரிகள் அனைவரும் ஏறத்தாழ வெள்ளையர். போலந்திலிருந்து தப்பி வந்த அதிகாரிகளைக்கூட இந்தப் படைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஆபிரிக்கர்களை அதிகாரியாக்க மனம் வரவில்லை. ஒரே வேலை செய்த வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒரே சம்பளம் இல்லை. விதிவிலக்காக ஒருவர் இருந்தார், கோல்ட் கோஸ்ட்டின் சேத் அந்தனி. பிரித்தானிய இராணுவத்தில் அதிகாரிப் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பு ஆபிரிக்கர் அவர். பர்மாவில் 81ஆவது டிவிசனில் போரிட்டார். பிற்காலத்தில் கானாவின் இராஜதந்திரியானார். யுத்தத்துக்கு முன் அவர் செய்த தொழில் என்ன தெரியுமா? அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியர்!

கலடான் பள்ளத்தாக்கு

81ஆவது டிவிசனின் முதல் அணி 1943 ஓகஸ்டில் பம்பாயில் இறங்கியது. வந்ததும் டிவிசன் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 3ஆவது பிரிகேட்டைப் பிரித்து, ஜப்பானியரின் முதுகுக்குப் பின்னால் இறங்கிப் போரிடும் விங்கேட்டின் சிண்டிட் படைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த நைஜீரியர்கள் 1944இல் விமானத்தில் ஏறி வடபர்மாவின் நடுக்காட்டில் இறங்கி, முற்றுகைகளுக்குள் அரண்களைக் காத்து நின்றார்கள்.

மீதியிருந்த இரண்டு பிரிகேட்டுகளுக்கும் கிடைத்தது அரக்கானின் கலடான் ஆற்றுப் பள்ளத்தாக்கு. கரையோரமாக முன்னேறும் பிரதான படையின் இடப்பக்கத்தைக் காப்பது அவர்களின் வேலை. அங்கே போகப் பாதையே இல்லை. கைக்கருவிகளால் மலையை வெட்டி 75 மைல் நீளத்துக்கு ஜீப் போகும் பாதையைத் தாங்களே போட்டார்கள். அதற்கு 'மேற்கு ஆபிரிக்க வழி' என்றே பெயர் வந்தது. பிறகு அந்தப் பாதையையும் விட்டுவிட்டு உள்ளே போனார்கள். சாப்பாடும் குண்டும் டகோட்டா விமானங்களிலிருந்து பரசூட்டில் விழுந்தன. விழுந்ததைப் பொறுக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அந்த யுத்தத்தில் ஒரு வழமையான டிவிசன் முழுக்க முழுக்க விமான விநியோகத்தை மட்டும் நம்பிப் போரிட்டது இதுவே முதல் தடவை.

முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. 1944 பெப்ரவரி இறுதியில் கியவுக்டோ வரை போனவர்கள், மார்ச் முதல் வாரத்தில் ஜப்பானியரின் எதிர்த்தாக்குதலில் பகோடா குன்றை இழந்து பின்வாங்கினார்கள். அந்த வருடமே தளபதி மாறினார். புதிய தளபதி லொஃப்டஸ் டொட்டன்ஹாம். மழைக்காலம் முடிய அதே பள்ளத்தாக்குக்குள் மீண்டும் இறங்கினார்கள். இம்முறை ஆற்றோரச் சமவெளியைத் தவிர்த்து மலைகளூடாகச் சுற்றிச் சுற்றி வந்து ஜப்பானியரின் பக்கவாட்டில் முளைத்தார்கள். சிலந்தியின் வேலை! 1945 ஜனவரி 25இல் அரக்கான் மன்னர்களின் பழைய தலைநகரான மியோஹவுங் அவர்கள் கையில் விழுந்தது. இன்று அதன் பெயர் மிராவுக் ஊ.

82ஆவது டிவிசனும் அப்போது களத்தில் இருந்தது. காங்கோ என்ற இடத்தில் கரையோரமாக வந்த படைகளுக்கு உதவியாக மலைப்பக்கமிருந்து நெருக்கியது. பிறகு மாதக்கணக்காக நடந்து தெற்கே டவுங்கப்பைத் தாண்டிப் போனது.

இந்தப் போர்முனையின் 14ஆவது இராணுவத்தை ஆங்கிலேயரே 'மறக்கப்பட்ட இராணுவம்' என்பார்கள். அந்த மறக்கப்பட்ட இராணுவத்துக்குள்ளும் மறக்கப்பட்டவர்கள் இவர்கள். இவர்களுக்குள்ளும் மறக்கப்பட்டவர்கள் சும்மாடு கட்டியவர்கள்.

ஐசக்கும் ஷுயிமானும்

பெரிய பெரிய டிவிசன்களைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். ஒரு மனிதனைப் பற்றிச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. வகுப்பில் நாங்கள் சொன்னது ஐசக் ஃபடோயெபோவின் கதை.

நைஜீரியாவின் யொரூபா இளைஞர், கிறிஸ்தவர். 16 வயதில் வீட்டுக்குத் தெரியாமல் படையில் சேர்ந்தார். 6ஆவது பிரிகேட்டோடு போன வைத்தியப் பிரிவில் உதவியாளர். 1944 மார்ச்சில் கலடான் ஆற்றங்கரையில் அவரது பிரிவை ஜப்பானியர் திடீரெனத் தாக்கினார்கள். பலர் அங்கேயே இறந்தார்கள். ஐசக்கின் தொடை எலும்பு சிதறியது. படை பின்வாங்கிப் போய்விட்டது. காட்டுக்குள் எஞ்சியவர்கள் எழும்ப முடியாத ஐசக்கும், காயப்பட்டிருந்த சியாரா லியோன்காரர் டேவிட் கார்க்போவும்.

அவர்களை உயிரோடு வைத்திருந்தவர்கள் பக்கத்துக் கிராமத்து முஸ்லிம்கள். இன்று ரொஹிங்யா என்று அழைக்கப்படும் மக்கள். ஒளித்து ஒளித்துச் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு ஷுயிமான் என்ற விவசாயி இருவரையும் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். மனைவி மக்கள் இருக்கிற வீடு. சுற்றிலும் ஜப்பானியர். பிடிபட்டால் குடும்பமே போயிருக்கும். மொழி தெரியாது, ஊர் தெரியாது, நிறம் வேறு, நாடு வேறு. மாதக்கணக்காக வைத்துச் சோறு போட்டார். 1944 டிசம்பரில் டிவிசன் இரண்டாவது தடவை அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி வந்தபோது, ஒன்பது மாதங்களுக்குப் பிறகு இருவரும் மீட்கப்பட்டார்கள்.

ஐசக் ஊர் திரும்பி, நொண்டிய காலோடு அரச உத்தியோகம் பார்த்து, தன் அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். 2011இல் பார்னபி பிலிப்ஸ் என்ற பத்திரிகையாளர் ஐசக்கின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அரக்கானுக்குப் போய், ஷுயிமானின் குடும்பத்தைத் தேடிப் பிடித்தார். ஷுயிமான் அப்போது உயிரோடு இல்லை. நன்றிக் கடிதத்தை அவரது பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். 67 வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்த நன்றி! அடுத்த வருடம் ஐசக்கும் காலமானார்.

அரக்கானில் யுத்தம் எல்லாரையும் நல்லவர்களாக்கிவிடவில்லை. 1942இல் அங்கே பௌத்த ரக்கைன் மக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் கொன்றார்கள், ஊர் ஊராக விரட்டினார்கள். பிரித்தானியரும் ஜப்பானியரும் அந்தப் பகையைத் தங்கள் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதன் புண் இன்றுவரை ஆறவில்லை. 2012இல் மீண்டும் கலவரம். 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரொஹிங்யா மக்கள் பங்களாதேசுக்கு ஓடினார்கள். அடைக்கலம் கொடுத்த ஒரு சமூகம் இன்று அடைக்கலம் தேடி நிற்கிறது. ஐசக்கை மறைத்து வைத்த மண்ணின் கதையை வாசித்த பிறகு, கூடாரங்களில் இருக்கும் அந்த மக்களின் படங்களை முன்பு போலக் கடந்துபோக எங்களால் முடியவில்லை.

திரும்பிப் போனவர்கள்

1945இல் யுத்தம் முடிந்தாலும் கப்பல் கிடைக்கவில்லை. 1946 வரை காத்திருந்துதான் பலர் ஊர் போனார்கள். போனவர்களுக்கு வாக்களித்த வேலையில்லை, போதிய ஓய்வூதியமில்லை, விலைவாசியோ ஏறியிருந்தது.

1948 பெப்ரவரி 28. அக்ரா நகரில் முன்னாள் சிப்பாய்கள் ஆளுநரிடம் மனுக் கொடுக்க ஊர்வலமாகப் போனார்கள். கையில் ஆயுதமில்லை. கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டைக்குப் போகும் சந்தியில் பொலிஸ் மறித்தது. பொலிஸ் அதிகாரி சுட்டார். மூவர் இறந்தார்கள்: சார்ஜன்ட் அட்ஜெடே, கோப்ரல் அட்டிபோ, சிப்பாய் ஓடார்டே லாம்ப்டே. அரசனுக்காகக் கடல் கடந்து போரிட்டவர்களின் படையணியைச் சேர்ந்தவர்கள், அதே அரசனின் பொலிசாரால் சொந்த ஊரில் கொல்லப்பட்டார்கள்.

நகரம் பற்றி எரிந்தது. அடுத்த நாட்களில் மொத்தம் 29 பேர் இறந்தார்கள், இருநூறுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நிக்ருமா உள்ளிட்ட ஆறு தலைவர்கள் கைதானார்கள். விசாரணைக்குழு வந்தது, புதிய அரசியலமைப்பு வந்தது. ஒன்பது வருடம் கழித்து, 1957 மார்ச் 6இல், கோல்ட் கோஸ்ட் கானா என்ற பெயரில் சுதந்திரம் பெற்றது. அந்த மூவரையும் கானா இன்றும் ஒவ்வொரு பெப்ரவரி 28இலும் நினைவுகூர்கிறது.

பர்மாவும் அங்கே மறக்கப்படவில்லை. கானா இராணுவத் தலைமையகத்தின் பெயர் 'பர்மா முகாம்'. லாகோஸில் நைஜீரிய இராணுவ ஆட்சியாளர்கள் 1991 வரை இருந்து நாட்டை ஆண்ட முகாமின் பெயர் 'டோடான்'. அதுவும் பர்மாவில் ஒரு போர்க்களம். யாங்கூனுக்கு வெளியே டவுக்யான் மயானத்தில், கல்லறையே கிடைக்காமல் போன ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தூண்களில் மேற்கு ஆபிரிக்கர்களின் பெயர்களும் இருக்கின்றன.

வகுப்பறைக்கு

எங்கள் பிள்ளைகள் படிக்கும் யுத்தங்களில் எப்போதும் தளபதிகள் வெல்கிறார்கள், மன்னர்கள் கோட்டை கட்டுகிறார்கள், ஆளுநர்கள் பாதை போடுகிறார்கள். கல்லைத் தூக்கியவர் யார், பாதையை வெட்டியவர் யார் என்ற கேள்வி பரீட்சைத் தாளில் வருவதில்லை. வராத காரணத்தால் நாங்களும் கேட்பதில்லை. அதுதான் எங்கள் பிழை. அந்தப் பிள்ளை ஒரு கல்லின் முன்னால் நின்று கேட்டிராவிட்டால், இந்த இரண்டு டிவிசன்களின் பெயர்கூடத் தெரியாமலே நாங்கள் ஓய்வு பெற்றிருப்போம்.

இப்போது ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறோம். வரலாற்றுப் பாடத்தில் எந்த யுத்தம், எந்தக் கட்டடம், எந்த வெற்றி வந்தாலும் பாடம் முடியும்போது பிள்ளைகள் ஒரு கேள்வியைக் கொப்பியில் எழுத வேண்டும்: "இதை யார் சுமந்தார்கள்?" பதில் தெரிந்தால் எழுதலாம். தெரியாவிட்டால் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரலாம்.

கண்டிக்குப் போகிறவர்கள் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி அந்த மயானத்துக்கும் போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பெயர்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர்களுக்குரியவர்களின் ஊரிலிருந்து யாரும் வந்து வாசிக்கப் போவதில்லை. நாம் வாசிக்கலாமே.